கறுப்பு வெள்ளைத் தாய்மாமன்

கருக்கம்பாளையத்துக்கு மதியம் வருகிற டவுன் பஸ்ஸிலிருந்து அன்றைக்கு இறங்கியவர்கள் எல்லோரும் அவரவர் நிறத்தில் இறங்கினார்கள், கடைசியாக இறங்கியவன் மட்டும் கறுப்பு வெள்ளையில் இறங்கினான். வேட்டி வெள்ளை, கோட்டு சாம்பல், முகம் அதைவிட வெளிர்ந்த சாம்பல், உதடு கறுப்பு, கையில் ஒரு குடை. மண் கொதிக்கிற சித்திரை மாதத்தில் அந்தக் குடையின் விளிம்பிலிருந்து மட்டும் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர், "ஏனுங் பெரியவரே, சீட்டெல்லாம் ஈரம் பண்ணி வெச்சிருக்கறீங்க" என்று சத்தம் போட்டுவிட்டு விசில் ஊதினான், பஸ் போய்விட்டது. டீக்கடை மாரப்பன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அட, நம்ம படத்துல வர்ற அண்ணன்" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நான் மட்டும் மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், ஏனென்றால் அவனைக் கூப்பிட்டவன் நான்.

என் பெயர் காளியண்ணன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மாவு மில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படம் பார்க்க எழுத்து எதற்கு. ஊர்த் தியேட்டரில் ஓடிய படம் எதையும் நான் விட்டதில்லை, தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிய பிறகு டிவியில் போடுகிற பழைய படம் எதையும் விட்டதில்லை, எந்தப் படத்தைப் பற்றியும் நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை. பழைய படத்தில் ஒரு டாக்டர் வருவார், நாடியைப் பிடிப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், ஆள் போய்விடும். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள் என்பது என் கட்சி. பணக்காரன் வீடு என்றால் நடுக்கூடத்தில் ஒரு மாடிப்படி இருக்கும், அதில் உருண்டு விழுவதற்கென்றே வீட்டில் ஒருவரை வளர்ப்பார்கள். ஆயுசு முழுக்கக் கெடுதல் செய்தவன் கடைசி ரீலில் கையைக் கூப்பினால் விலங்கு போட வந்த போலீஸ்காரரே கண்ணைத் துடைத்துக்கொள்வார், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், கெட்டவன் என்றால் கடைசி வரைக்கும் கெட்டவனாக நிற்க ஒரு முதுகெலும்பு வேண்டாமா. டிவி நாடகங்களாவது ஆரம்ப காலத்தில் வாரம் ஒரு நாள் வந்து சில வாரத்தில் மரியாதையாக முடிந்து போயின. பின்னால் வந்த தொடர்களில் மாமியார் கதவைத் திறக்கத் திங்கட்கிழமை கையை நீட்டினால் வியாழக்கிழமைதான் திறப்பாள், அதற்குள் எல்லோர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் அபிப்பிராயம். ஆனால் அந்த ஒரு படத்தின் மேல் எனக்கு இருப்பது பகை. அதன் பெயரை என் வாயால் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. அப்பா இல்லாத வீடு. அண்ணன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். தங்கை அவன் பேச்சை மீறி ஒருத்தனோடு போய்விடுகிறாள். கடைசியில் மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டுகிறாள். அண்ணன் உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறான், பிறகு திறக்கிறான், குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்குகிறான், "சோறு ஆறிப்போகிறது. உள்ளே வா" என்கிறான். அழுகை இல்லை, நீட்டி முழக்கிய வசனம் இல்லை, பாட்டு இல்லை. அதற்கே தியேட்டர் முழுக்க மூக்கைச் சிந்தும்.

யாரைக் கேட்டு அவன் கதவைத் திறந்தான்? அதுதான் என் கேள்வி.

என் தங்கை மயிலாத்தாள் அந்தப் படத்தை எங்கள் ஊர்த் தியேட்டரில் ஓடிய அத்தனை நாளும் பார்த்தாள். நாங்கள் பார்க்கும்போதே அது பழைய படம், மழை பெய்கிற காட்சியில் படத்து மழை எது, ரீலில் விழுந்த கோடு எது என்று தெரியாது. படத்துக்காகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், படம் ஓட்டுகிறவனுக்காகவும் போயிருக்கிறாள். அவன் பெயர் துரைப்பாண்டி, தெற்கத்திக்காரன், வேறு ஜாதி. ஒரு நாள் மதிய ஆட்டத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், அம்மா தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்திருந்தாள், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் காட்சியை மயிலாத்தாள் மனப்பாடமாக அறிவாள், அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு அழுத்தமாகத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அவன் மட்டும் அந்தப் படத்தில் திறந்து வைத்திருக்காவிட்டால் அவள் வந்து தட்டியே இருக்க மாட்டாள், தட்டாதவளுக்குத் திறக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்லியிருக்கவும் முடியாது. என்னைக் கெட்டவனாக்கியது அவன்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை டிவியில் போட்டபோதெல்லாம் கடைசிக் காட்சியில் அம்மா டிவியைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்த்தபடியே இருந்து ஒரு வருஷம் தை மாதம் செத்துப்போனாள். துரைப்பாண்டியும் தியேட்டர் மூடிய கொஞ்ச காலத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டான். மயிலாத்தாள் குளத்துமேட்டில் ஜாக்கெட் தைத்து ஒரு பெண்ணைப் படிக்க வைத்தாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. வழியில் எதிர்ப்பட்டால் அவள் சாக்கடையோரமாகப் போவாள், நான் இந்தப் பக்கமாகப் போவேன், நடுவில் ரோடு காலியாகக் கிடக்கும்.

அந்தச் சித்திரையில் அதை மதியப் படமாகப் போட்டார்கள். அவன் தாழ்ப்பாளில் கையை வைத்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, "டிவிக்குள்ள இருந்துட்டு யார் வேணும்னாலும் கதவைத் தொறப்பாங்கடா, ஆம்பளையா இருந்தா எங்க ஊருக்கு வந்து அண்ணனா இருந்து பாருடா" என்று கத்தினேன். "வயசான காலத்துல டிவிகூடவா சண்டை கட்டுவீங்க, உட்காருங்க" என்றாள் என் வீட்டுக்காரி பொன்னாத்தாள். டிவியில் அவன் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான், மூலையில் இருந்த குடையை எடுத்தான், படத்தின் ஓரமாக நடந்து வெளியே போய்விட்டான். மறுநாள் மதிய பஸ்ஸில் வந்து இறங்கினான்.

ஊர் அவனைச் சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை அந்த ஊர் இத்தனை வருஷத்தில் அப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை. அவனுக்குப் படத்தில் இருந்த வசனம் மூன்றே மூன்று, அவனால் அந்த மூன்றைத்தான் பேச முடிந்தது. "அப்பா இருந்திருந்தால் இப்படி நடக்குமா?" என்பான், மாரப்பன் ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டுக் கொடுப்பான். "நியாயம் என்று ஒன்று இருக்கிறது முதலாளி" என்பான், சர்க்கரை பத்தவில்லை என்று மாரப்பன் புரிந்துகொண்டு இன்னொரு கரண்டி போடுவான். அவன் கையில் வாங்கினால் டீ சாம்பலாகிவிடும், கிளாஸைத் திருப்பி வைத்தால் அடியில் இருக்கிற மிச்சம் மறுபடி டீ நிறத்துக்கு வந்துவிடும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேறு விஷயம் இருந்தது: அவன் குடை.

அந்த வருஷம் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, குழாயில் காற்றுதான் வந்தது. குடையிலிருந்து ஒரு நாளும் நிற்காமல் தண்ணீர் சொட்டியதை முதலில் கவனித்தவள் என் வீட்டுக்காரிதான் என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் ஒரு குடத்தைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் அவனைச் சுற்றிக் குடமாக இருந்தது. அவன் எங்கே போனாலும் பெண்கள் குடத்தோடு பின்னால் போனார்கள், அவன் பொறுமையாக நின்று நின்று போனான். தண்ணீர் கொஞ்சம் சாம்பல் நிறம், ஆனால் பருப்பு நன்றாக வேகிறது என்றார்கள். என் வீட்டிலும் அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது. நான் தெரியாத மாதிரி சாப்பிட்டேன்.

குடம் நிறைகிற வரைக்கும் சும்மா நிற்க முடியாது இல்லையா, ஆளாளுக்கு அவனிடம் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார்கள். "ஏனுங்ண்ணா, அந்தக் கூட்ஸ் ஷெட் முதலாளியை நீங்க ஒரு அறை அறைஞ்சிருக்கோணும்" என்றான் மாரப்பன். "நடுவுல வர்ற காமெடி என்னத்துக்குங்க, அந்த நேரத்துல நாங்கெல்லாம் முறுக்கு வாங்கத்தான் போனோம்" என்றாள் பூக்காரி. உன் தங்கச்சி புருஷனுக்கு மீசை பொருந்தவில்லை என்றாள் ஒருத்தி, பாட்டுக் காட்சியில் தங்கச்சி தலையில் மல்லிகைப்பூ ஒரு வரிக்கு ஒரு பக்கமாக மாறி மாறி இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். டிவிக்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரித் தொடரில் வருகிற மாமியாருக்கு அவனிடமே சொல்லி அனுப்பினார்கள். "அந்தம்மா கிட்டச் சொல்லுங்க, பாலுல எதையோ கலந்தது மருமக இல்ல, சின்ன மகன்தான்னு. நாங்க எல்லாரும் பார்த்தோம்." அவன், "நியாயம் என்று ஒன்று இருக்கிறது முதலாளி" என்றான். சொன்னவளுக்குத் திருப்தி.

கேபிள்காரன் ரியாஸ் மட்டும் ஒரு நாள் கவலையாக வந்தான். மறுபடியும் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள், அதில் அண்ணன் இல்லை, அண்ணன் இருக்கிற இடத்தில் சுவர் தெரிகிறது, தங்கச்சி சுவரோடு பேசுகிறாள், எனக்குத்தான் போன் மேல் போன் வருகிறது என்றான். "ஆளைத்தான் நேர்லயே பாக்கறமே, படத்துல எதுக்கு" என்று மாரப்பன் அவனுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினான்.

நான் அவனிடம் பேசவில்லை. அவன் மட்டும் தினமும் மதியம் வந்து மில்லுக்கு எதிரே நின்றான். கூப்பிட்டவன் எதற்குக் கூப்பிட்டான் என்று கேட்க வந்தவன் மாதிரி நின்றான். நான் பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்தில் யார் எதைக் கேட்டாலும் காதில் விழாது.

வைகாசியில் மயிலாத்தாளின் பெண் பிருந்தாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை சூரத்தில் ஜவுளி மார்க்கெட்டில் இருக்கிறவன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பிருந்தாவுக்குக் காது குத்தியபோது நான் மடி கொடுக்கவில்லை. அவள் பெரிய மனுஷியானபோது சீர்த்தட்டு கொண்டுபோகவில்லை. இப்போது பத்திரிகையை மயிலாத்தாள் நேராக என்னிடம் கொடுக்காமல் பொன்னாத்தாளிடம் கொடுத்திருந்தாள், பொன்னாத்தாள் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாலை நீங்கதான் போடோணும்" என்றாள்.

"எனக்கு அன்னிக்கு மில்லுல வேலை இருக்குது."

"முகூர்த்த நாள்ல எந்தச் சிறுக்கி மாவரைக்க வர்றா? ஊரே மண்டபத்துலதான் இருக்கும்."

"அப்போ மோட்டாருக்கு எண்ணெய் போடோணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா பார்த்த அதே பார்வை. "நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க பாடு" என்று எழுந்து போய்விட்டாள்.

கல்யாணம் பழைய தியேட்டரை இடித்துக் கட்டிய அதே மண்டபத்தில். நான் மோட்டாருக்கு எண்ணெய் போட்டேன். எண்ணெய் போட எவ்வளவு நேரம் ஆகும். பிறகு மண்டபத்துக்கு எதிரே இருக்கிற சைக்கிள் கடையில், டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நின்றேன். உள்ளே மேளம் நின்றது. ஐயர் கூப்பிடுவது கேட்டது, "தாய்மாமன் வாங்கோ, தாய்மாமன் யாரு, நேரமாறது." சைக்கிள் கடைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செயினைத் துடைப்பது போல் குனிந்துகொண்டான். எனக்குக் கால் அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பக்கம் அசைந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குள் அவன் என்னைத் தாண்டிக்கொண்டு போனான், குடை சொட்டச் சொட்ட, வாழைமரத்துக்கு நடுவே, சந்தனத்தட்டு வைத்திருந்த பெண்களுக்கு நடுவே, நேராக.

உள்ளே நடந்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் எனக்குச் சொன்னார்கள். மாலையை அவன் கையில் கொடுத்ததும் ரோஜா, சம்பங்கி எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக மாறியதாம். அவன் அதைப் பெண்ணின் கழுத்தில் போட்டதும், போட்ட பக்கத்திலிருந்து நிறம் ஒவ்வொரு பூவாகத் திரும்பி வந்ததாம், அந்த மாதிரி சிவப்பை அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம். பெண்ணின் கையைப் பிடித்து, "சோறு ஆறிப்போகிறது. உள்ளே வா" என்றானாம், மண்டபமே சிரித்து, மண்டபமே அழுததாம். மாரப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே என்னிடம், "கோவிச்சுக்காதீங்க காளியண்ணா, நீங்க செஞ்சிருந்தா இவ்வளவு நல்லா இருந்திருக்காது" என்றான். நான் அவன் டீக்கடைக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

போட்டோவில் பார்த்தேன், பொன்னாத்தாள் கொண்டுவந்து காட்டினாள். எல்லோரும் கலரில் நிற்கிறார்கள், நடுவில் தாய்மாமன் மட்டும் கறுப்பு வெள்ளை. என்னைத்தான் அதில் யாரோ அழித்துவிட்டுப் பென்சிலால் ஒரு ஆளை வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்தது. மயிலாத்தாள் மகளோடு சூரத்துக்கே போகிறாள், தையல் மிஷினைக்கூடக் கொடுத்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குக் கண்ணில் புரை, அங்கே போய்த்தான் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். பஸ் மதியம் என்றார்கள். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, மாவரைக்க வந்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் என் காது கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பச்சரிசி நிறைய அரைத்தேன். வந்தவர்கள் போன பிறகும் மில்லைக் கூட்டி, சல்லடையைத் தட்டி, தட்ட வேண்டாததையும் தட்டி, தலையிலிருந்து கால் வரை மாவாகிவிட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தால் மில் கதவில் அவன் குடை சாய்ந்திருக்கிறது. தண்ணீர் சொட்டி என் வாசற்படி முழுக்க ஈரம். மாவு மில்லில் ஈரம் ஆகாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாக்கடையில் எறியலாம் என்று அதைக் கையில் எடுத்தேன், விரிந்துகொண்டது, தலையிலிருந்து தோள் வரைக்கும் மழை சொட்டியது. அப்படியே நிற்கிறேன், தெருமுனையில் மயிலாத்தாள் வருகிறாள்.

அவள் வழக்கமாகப் போகிற சாக்கடையோரம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளையாக ஒரு ஆள், கையில் சொட்டுகிற குடை.

"இங்கதான் நிப்பீங்கன்னு சொன்னாங்கண்ணா" என்றாள்.

அந்த அண்ணா எனக்கு இல்லை. ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. இருந்தாலும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து என் முகத்தில் பட்டு எத்தனை வருஷம். நான் அசையவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங். எல்லாரும் உங்ககிட்டப் படத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்றாங்களாமா. நான் மட்டும் சொல்லாமப் போனா நல்லாருக்குமா? உங்க படத்தை என்னளவுக்குப் பார்த்தவ ஒருத்தியும் இல்ல." சிரித்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது, எனக்கு அது தெரியாது. "எல்லாரும் நீங்க கதவைத் தொறந்ததைத்தான் பெருசாச் சொல்லுவாங்க. எனக்கு அது இல்லீங்ண்ணா. தொறக்கறதுக்கு முந்தி உள்ள நின்னீங்கல்ல, தாழ்ப்பாள்ல கையை வெச்சுட்டு. அந்த இடம்தான். எங்கண்ணனும் அன்னிக்கு அப்படி நின்னுச்சு."

குடையிலிருந்து தண்ணீர் என் கையில் இறங்கியது.

"அதுக்கு நான் பார்த்தது தெரியாது. கதவுக்கு அடியில வெளிச்சம் வரும், அதுல ரெண்டு காலு தெரிஞ்சுது. நான் தட்டறதை நிறுத்துன பொறவும் அந்தக் காலு அங்கயே நின்னுச்சு. மழை விடற வரைக்கும் நின்னுச்சு. நானும் நின்னேன். தாழ்ப்பாள் ஒரு தடவை கிறீச்னுச்சு. அப்புறம் சத்தமில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படத்துல உங்களை நிக்க வெச்சவங்க அதோட நிறுத்தியிருக்கலாம். தொறக்கறது ரெண்டாம்பட்சம். நின்னுதே, அது போதும்னுதான் இந்த ஊர்லயே கெடந்தேன். இதைச் சொல்ல வேற யாரு இருக்கறா எனக்கு."

நான் சோறு தின்றுகொண்டிருந்தேன் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தேன். அம்மாவிடமும் அதைத்தான் சாதித்தேன். அம்மா தட்டில் அப்படியே இருந்த சோற்றைப் பார்த்துவிட்டுப் பானையில் திருப்பிக் கொட்டினாள்.

நான் பேச வேண்டும். நான்தான் மயிலா, நான்தான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அதற்கு வசனம் எழுதித் தர ஆள் வேண்டாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போன வாய் எத்தனை திறந்தும் அதைச் சொல்லவில்லை. வாயில் மாவு கூழாக ஒட்டிக்கொண்டது. என்னிடம் இருந்த வார்த்தை வேறு ஒன்றுதான், நான் ஆயுசு முழுக்க வெறுத்த வார்த்தை, அது தானாக வெளியே வந்தது.

"சோறு ஆறிப்போகுது. உள்ள வா."

மயிலாத்தாள் சிரித்தாள். நன்றாக, சின்ன வயதில் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். "என்ன நல்லாச் சொல்றீங்க. இதை எங்கண்ணன் வாயால ஒரு தடவை கேக்கோணும்னு இருந்துச்சு. போவுது. அதுகிட்ட நீங்க கோவிச்சுக்காதீங்கண்ணா. அது அப்படித்தான், ஆனா கெட்டது இல்ல." கையைக் கூப்பினாள். "போயிட்டு வர்றனுங்."

திரும்பி நடந்தாள்.

எதிர்ப்பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான், எப்போதும் நிற்கிற இடத்தில், குடை இல்லாமல். ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தான். கையை நீட்டினான். நான் குடையைக் கொடுத்தேன். ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவனிடம் எனக்கான வசனம் இல்லை. அவளுக்குப் பின்னால் போய் வெயிலுக்குக் குடையைப் பிடித்தான். தண்ணீர் அவள் மேல் சொட்டவில்லை, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பஸ் வந்தது. பெட்டியை அவன் தூக்கிக் கொடுத்தான், பிறகு அவனும் ஏறிக்கொண்டான். கண்டக்டர், "இப்பவாச்சும் மடக்குங்க பெரியவரே" என்றான். பஸ் போய்விட்டது. நான் காலிலிருந்து தலை வரை மாவும் தண்ணீரும் காய்ந்து விறைத்துப்போய் அங்கேயே நின்றேன். அந்தப் பக்கமாக வந்த பூக்காரி என்னிடம் குடத்தை நீட்டிவிட்டு, உற்றுப் பார்த்து, "நீங்களா" என்று திருப்பி எடுத்துக்கொண்டாள்.

ஆடியில் மழை வந்தது, குளம் நிறைந்தது, குடத்தோடு ஆள் பின்னால் போன காலத்தை ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது. சூரத்தில் ஒரு அடுக்கு வீட்டு மாடியில் கறுப்பு வெள்ளையில் ஒரு பெரியவர் இருக்கிறார், அங்கே தண்ணீர்ப் பஞ்சமே இல்லையாம் என்று பொன்னாத்தாளுக்குப் போன் வருகிறது. ஆபரேஷன் நன்றாக நடந்ததாம், அவளுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். போனை என்னிடம் நீட்டினால் நான் மில்லுக்குப் போய்விடுவேன். அவள் கண்ணுக்கு இப்போது மாவு மாவாகவும் மனுஷன் மனுஷனாகவும் தெரியும், அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது.

அந்தப் படத்தை இன்னமும் போடுகிறார்கள். அவர் திரும்பி வரவில்லை. படத்தின் நீளம் குறையக் கூடாது அல்லவா, அதனால் கடைசிக் காட்சி அவர் இல்லாமலே முழுசாக ஓடுகிறது: மழை, மூடிய கதவு, தட்டுகிற பெண். தட்டுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தட்டுகிறாள், படம் முடிந்துவிடுகிறது. ஊரில் இதற்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம். "முந்தி சினிமாவாட்டம் இருந்துச்சு, இப்பத்தான் நெசமாட்டம் இருக்குது" என்று மாரப்பன் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். கல்யாணத்தன்றைக்கு நிறுத்தியதற்குப் பிறகு முதல் தடவையாக அவன் கடைக்குப் போனேன். "படத்தைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? அவர் தொறந்ததுதான் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒரு பழைய படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான், கடையில் இருந்த அத்தனை பேரும் நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியமும் போட்டார்கள். அவள் தட்ட ஆரம்பித்ததும் நான் எழுந்துபோய் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். பழைய தாழ்ப்பாள், கிறீச் என்றது. திறந்தேன். வாசலில் நல்ல வெயில். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. எதிர்வீட்டுக்காரன், "யாராச்சும் வர்றாங்களாங்கண்ணா?" என்று கேட்டான். "இல்ல, உள்ள புழுக்கமா இருக்குது" என்றேன். டிவியில் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவை விரியத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்து, படியில் நின்றேன்.

உள்ளேயிருந்து பொன்னாத்தாள் கூப்பிட்டாள். எல்லா நாளும் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டாள்.

"சோறு ஆறிப்போகுது. உள்ள வாங்க."